மங்கும் கண்ணும் பழைய வில்லையும்



‘சாளேசுரம்’ என்னும் சொல்லை உங்களில் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தாலும், அது உங்கள் பாட்டனாரைப் பற்றிய பேச்சில்தான் வந்திருக்கும். நாற்பது என்று பொருள்படும் ‘சாலீஸ்’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து பிறந்தது அது. நாற்பது வயதில் கண்ணுக்கு வந்து சேரும் குறை என்பது கருத்து. தமிழில் இதற்கு இன்னும் அழகான பெயர் ஒன்று உண்டு. ‘வெள்ளெழுத்து’ என்பர். கறுத்த எழுத்துக்கள் வெளுத்து மங்கித் தோன்றும் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. எழுத்து வெளுத்தால் மூக்குக்கண்ணாடி அணிந்து அதைக் கறுக்கச் செய்துவிடலாம். ஆனால், காமிராவைக் கையில் எடுத்து, தன் கண்ணாலேயே பார்த்து, தன் விரலாலேயே வில்லையைத் திருகிக் குவியம் சேர்க்கும் பழக்கமுள்ளவனை இந்தக் குறை என்ன செய்யும்? அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் மண்ணச்சநல்லூர்க்காரன். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரிசி ஆலைகளின் ஓசைக்கும் தவிட்டு மணத்துக்கும் நடுவே வளர்ந்தவன். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்த சில ஆண்டுகளில், திருச்சிராப்பள்ளியில் ஒருவர் விற்ற பழைய ருஷ்யக் காமிரா ஒன்றை வாங்கினேன். ‘ஜெனித்-ஈ’ என்பது அதன் பெயர். கையில் எடுத்தால் செங்கல்லைப் போலக் கனக்கும். அதன் முன்புறம் ‘ஹீலியோஸ்-44-2’ என்னும் 58 மில்லிமீட்டர் வில்லை இருந்தது. ஜெர்மானியரின் ‘பையோட்டார்’ என்னும் புகழ்பெற்ற வில்லையைத் தழுவிச் சோவியத் நாட்டில் செய்யப்பட்டது அது. ஆறு கண்ணாடித் துண்டுகளும் ஒரு பித்தளைத் திருகும் கொண்ட அந்தச் சிறு உருளையைக் கொண்டு பள்ளி விழாக்களையும், சமயபுரத்துக் கூட்டத்தையும், என் உறவினர் அனைவரையும் படம்பிடித்தேன். இருபத்தைந்து ஆண்டுகள் என் கண்ணில் எனக்கு ஐயமே எழவில்லை.

2009-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மாலை, என் தாயார் வாசற்படியில் அமர்ந்திருந்தார். ஒளி மங்கிக்கொண்டிருந்தது. வில்லையின் துளையை முழுவதும் திறந்து, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து அவர் முகத்தைப் படம்பிடித்தேன். எனக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. மூக்குக்கண்ணாடி காமிராவில் இடிக்கிறதே என்று அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். தெளிவாக இருப்பதாகவே தோன்றிற்று. பிலிம் கழுவி வந்தபோது தாயாரின் காதிலிருந்த தோடு, அதன் கற்களை எண்ணும்படி விளங்கியது. கண்களோ பனிமூட்டத்தில் கிடந்தன. பொங்கலுக்கு எடுத்ததுதானே, தீபாவளிக்கு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவ்வாண்டு ஆடி மாதத்தில் தாயார் காலமானார்.

அந்தப் படம் ஏன் தவறியது என்று ஆராயத் தொடங்கியதே இப்பேச்சுக்கு மூலம்.

கண்ணைக் காமிராவுக்கு ஒப்பிடுவது பாடநூல் வழக்கம். நானும் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் அப்படித்தான் வரைந்து காட்டினேன். அந்த ஒப்புமை பாதிவழிதான் வரும். காமிரா வில்லையின் வடிவம் மாறுவதில்லை. அது முன்னும் பின்னும் நகர்கிறது. என் ஹீலியோஸ், மலைக்கோட்டையைப் போன்ற தொலைப்பொருளை விட்டு, ஒரு மீட்டரில் உள்ள முகத்துக்குக் குவியம் மாற, 4 மில்லிமீட்டர்கூட நகர வேண்டியதில்லை. மீனின் கண்ணும் இவ்வாறே தன் உருண்டை வில்லையை நகர்த்திப் பார்க்கிறது. மனிதக் கண்ணின் வில்லையோ இடம் பெயர்வதில்லை. சுற்றியுள்ள தசை சுருங்கும்போது அது தன் நெகிழ்ச்சியால் தடித்துக் குவிவு மிகுகிறது. அருகிலுள்ள பொருள் தெளிகிறது. பத்து வயதுச் சிறுவன் முகத்துக்கு 7 அல்லது 8 சென்டிமீட்டர் தொலைவில் வைத்த எறும்பையும் தெளிவாகப் பார்ப்பான். நாற்பதில் அந்த எல்லை 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். அறுபதிலோ ஏறத்தாழ ஒரு மீட்டருக்குப் போய்விடும். தசை தளர்வதைக் காட்டிலும் வில்லை இறுகுவதே இதற்கு முதற்காரணம். இறுகிய வில்லையைத் தசை எவ்வளவு முயன்றாலும் தடிக்கச் செய்ய முடியாது. மீனுக்கு இந்தத் தொல்லை இல்லையே என்று நான் பொறாமைப்பட்டதுண்டு.

இதனோடு இன்னொரு நட்டமும் சேர்கிறது. முதுமையில் கண்மணியின் துளை சுருங்குகிறது. உள்வில்லை மெல்ல மஞ்சளிக்கிறது. இருபது வயதில் விழித்திரைக்குச் சென்ற ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபதில் செல்கிறது என்று கணக்கிடுகின்றனர். ஆதலால் மங்கிய மாலைப்பொழுது எனக்கும் என் மாணவனுக்கும் ஒரே மாலைப்பொழுது அன்று.

இனிக் காமிராவுக்குள் செல்வோம். ஜெனித் போன்ற காமிராவில் நாம் வெளியுலகை நேரே பார்ப்பதில்லை. வில்லை வழியே வந்த ஒளி, சாய்த்து வைத்த ஆடியில் பட்டு மேலெழுந்து, தேய்த்துச் சொரசொரப்பாக்கிய கண்ணாடித் தகட்டில் பிம்பமாக விழுகிறது. அந்தத் தகட்டைத்தான் நாம் பார்க்கிறோம். கண்ணை ஒட்டியுள்ள சிறு வில்லை, இவ்வகைக் காமிராக்கள் பெரும்பாலானவற்றில், அத்தகடு ஒரு மீட்டர் அளவு தொலைவில் இருப்பதுபோலத் தோற்றுவிக்கும். இளங்கண்ணுக்கு அது பொருட்டன்று. கண்ணாடியைக் கழற்றிய என் கண்ணுக்கோ தகடே தெளிவாகத் தெரியவில்லை! வில்லையின் மங்கலோடு என் கண்ணின் மங்கலும் சேர்ந்துகொண்டது. அப்போது நேர்வது என்ன? திருகை எங்கே நிறுத்தினாலும் ஓரளவு நன்றாகவே தோன்றும் ஒரு பரப்பு உண்டாகிறது. இளமையில் அப்பரப்பு மயிரிழை; முதுமையில் ஒரு விரற்கடை. நான் அதன் ஓரத்திலேயே நின்று, நடுவை அடைந்துவிட்டதாக நம்பினேன்.

வில்லை அந்தப் பிழையை மன்னிக்கும் இயல்புடையதாக இருந்திருந்தால் படம் பிழைத்திருக்கும். 58 மில்லிமீட்டர் வில்லையை 2 என்னும் எண்ணுக்குத் திறந்து ஒரு மீட்டரில் குவித்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தம் மூன்றரை சென்டிமீட்டர் அளவே. கண்ணிலிருந்து காதுமடல் வரை உள்ள தூரம் அதைவிடப் பன்மடங்கு என்பதை உங்கள் முகத்திலேயே அளந்து பார்க்கலாம். துளையை 8 என்னும் எண்ணுக்குச் சுருக்கியிருந்தால் அந்த ஆழம் நான்கு மடங்காகியிருக்கும். ஆனால் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மாலை நேரத்தில் அதற்கு இடமில்லை.

பிறகு நான் முன்னோரின் வழிகளைத் திரும்பிப் பார்த்தேன். கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக இருந்தவர். 1858-ஆம் ஆண்டில் அவர் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் படம்பிடித்து வெளியிட்டார். இன்று 70 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் திருவரங்கத்து இராசகோபுரம் அந்நாளில் முற்றுப்பெறாமல் அடிப்பகுதியோடு நின்றது; 1987-இல்தான் அது நிறைவெய்தியது. டிரைப் மெழுகேற்றிய காகிதத்தில் எதிர்ப்படங்களை எடுத்தார். பெட்டிக்குப் பின்னே கறுப்புத் துணியைப் போர்த்துக்கொண்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்துக் குவியம் சேர்ப்பதே அக்கால முறை. அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்துதான். சாளேசுரத்துக்கு இன்னும் ஐந்தாண்டு தவணை இருந்தது.

எனக்கு உண்மையில் வழிகாட்டியவர் டிரைப் அல்லர்; நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் குழுப்படம் எடுக்க வரும் ஸ்டூடியோக்காரர். வயது முதிர்ந்தவர், தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்திருப்பார். அவரும் கறுப்புத் துணிக்குள் நுழைவார். ஆனால் கையில் ஓர் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு நுழைவார். நடுவில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியரின் மீசையைக் கண்ணாடித் தகட்டில் பெரிதாக்கிப் பார்ப்பார். திருகை ஒருபுறம் மங்கும் வரை ஓட்டுவார். மறுபுறம் மங்கும் வரை ஓட்டுவார். பிறகு இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார். கிழவர் தடுமாறுகிறார் என்று நாங்கள் சிரித்தோம். ஆய்வுக்கூடத்துத் தராசில் முள் ஓய்வடையும் வரை காத்திராமல், இடப்புறமும் வலப்புறமும் அது ஆடும் எல்லைகளைக் குறித்துக்கொண்டு நடுவைக் கணக்கிடுகிறீர்களே, அதே முறைதான் அது. தெளிவு எங்கே என்பதைத் தளர்ந்த கண் சொல்லாது. மங்கல் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லும். அந்த வேறுபாட்டை அறிய எனக்கு ஐம்பது வயதும் ஒரு படமும் தேவைப்பட்டன.

கண்ணிடம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் செய்தி இருக்கிறது. இதற்கு இன்னும் சிறந்த சான்று வெர்னியர் அளவி. முதன்மை அளவுகோலின் கோடும் வெர்னியரின் கோடும் எங்கே ஒன்றிப்போகின்றன என்று பார்க்கச் சொன்னால், ஒரு மாணவன்கூடத் திணறமாட்டான். அடுத்தடுத்துள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய நல்ல கண்ணுக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும். ஆனால் ஒரு கோடு மற்றொரு கோட்டிலிருந்து விலகியிருப்பதை, அதனினும் பன்மடங்கு நுட்பமாகக் கண்டுகொள்கிறோம். இதில் பெரிய ஆறுதல் என்னவென்றால், பிம்பம் சிறிது மங்கினாலும் இந்த ஆற்றல் எளிதில் போய்விடுவதில்லை. எண்களைப் படிக்கக் கண்ணாடி தேடும் கிழவனும் கோடுகள் நேராகி விட்டனவா என்று சொல்லிவிடுவான்.

இதை உணர்ந்தே காமிரா செய்தவர்கள் இரண்டு உபாயங்களைக் கையாண்டனர். ‘லைக்கா’ போன்ற காமிராக்களில் தூரமானி உண்டு. இரண்டு சிறு சாளரங்கள் வழியே வரும் இரு பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். திருகைச் சுழற்ற அவை நெருங்கும். இரண்டும் ஒன்றானால் குவியம் சேர்ந்தது. ஆடி வைத்த காமிராக்களிலோ, தேய்த்த தகட்டின் நடுவில் இரண்டு சிறு பட்டகங்களைப் பதித்தனர். குவியம் தவறினால் ஒரு தூண் இடுப்பில் வெட்டுண்டதுபோல் விலகித் தெரியும். சேர்ந்தால் நிமிர்ந்து நிற்கும். ஆயிரங்கால் மண்டபத்தில் இதற்குக் குறைவில்லாமல் தூண்கள் உண்டு! கண்ணிடம் ‘தெளிவா?’ என்று கேளாமல் ‘நேரா?’ என்று கேட்கும் கருவிகள் இவை. என் ஜெனித்தில் இத்தகைய பட்டகம் இல்லை. வெறும் தேய்த்த தகடுதான். மலிவான பொருளை வாங்கியவன் வருந்திப் பயனில்லை.

கண்ணையே கேளாத வழியும் ஒன்றுண்டு. பழைய வில்லைகளின் மேற்புறத்தில் தூர எண்களும், துளை எண்களுக்குரிய இரட்டைக் கோடுகளும் பொறித்திருப்பார்கள். இக்காலத்து வில்லைகள் பலவற்றில் அவற்றைக் காணோம். நல்ல வெயிலில் துளையை 16-க்குச் சுருக்கி, திருகை 7 மீட்டரில் வைத்தால், என் வில்லைக்கு மூன்றரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் போதிய தெளிவோடு விழும். சமயபுரத்துப் பூச்சொரிதலில் கூட்டம் நெருக்கித் தள்ளும்போது, தகட்டைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? எண்ணை வைத்துவிட்டுப் பார்வையைக் கூட்டத்தின் மேல் செலுத்தலாம். அருகில் உள்ள முகத்துக்கு இது உதவாது. அதற்கு நான் ஒரு கயிறு வைத்திருக்கிறேன். ஒரு மீட்டரில் ஒரு முடிச்சு, ஒன்றரையில் ஒரு முடிச்சு, இரண்டில் ஒரு முடிச்சு. காமிராவின் பிலிம் இருக்குமிடத்திலிருந்து எதிரில் இருப்பவர் கண் வரை கயிற்றைப் பிடித்து அளந்துவிட்டுத் திருகை அந்த எண்ணுக்குக் கொண்டுபோய்விட்டால், தகட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை.

தன்னியக்கக் குவியம் வந்துவிட்ட பிறகு இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1977-இல் கொனிகா நிறுவனம் அத்தகைய சிறு காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985-இல் மினோல்டா 7000 வந்தபின் அது எங்கும் பரவியது. உண்மைதான். எனினும் பழைய வில்லைகளுக்கு மறுவாழ்வு கொடுத்தவை இக்காலக் காமிராக்களே என்பது வேடிக்கை. அவற்றுள் ஆடி இல்லாத வகை ஒன்று உண்டு. ஹீலியோஸ் வில்லை தன் பிம்பத்தைத் தெளிவாக வீழ்த்த, அதன் அடிவிளிம்புக்கும் பிலிமுக்கும் 45.46 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆடி அசைவதற்காக விட்ட இடம் அது. ஆடியற்ற காமிராவில் அந்த இடைவெளி 18 மில்லிமீட்டர் அளவே இருப்பதால், மீதியை ஓர் உலோக வளையத்தால் நிரப்பி எந்தப் பழைய வில்லையையும் பொருத்தலாம். என் பழைய மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்திவந்த அத்தகைய காமிராவை எனக்குக் கொடுத்தார். பார்வைச் சாளரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எதிரில் இருப்பவரின் இமைமயிர் பத்து மடங்கு பெரிதாகித் தெரிகிறது. ஸ்டூடியோக்காரரின் உருப்பெருக்கி உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டது!

வேறொரு வசதியும் உண்டு. ஒளியும் இருளும் திடீரென மாறும் இடங்களைக் கருவி தேடிக் கண்டுபிடித்து, அங்கெல்லாம் சிவப்புக் கோடு தீட்டிக் காட்டும். குவியம் சேர்ந்த விளிம்பு கூர்மையாக இருக்கும் என்பதே அதன் கணக்கு. இதை நான் முழுதும் நம்புவதில்லை. துளை சுருங்கியிருந்தால் அது முகத்துக்கும் தீட்டும், பின்னால் உள்ள சுவருக்கும் தீட்டும். துளையைத் திறந்து வைத்துக் குவியம் சேர்த்துவிட்டு, பிறகு வேண்டிய அளவுக்குச் சுருக்குவதே முறை. பார்வைச் சாளரத்தின் ஓரத்தில் ஒரு சிறு சக்கரமும் இருக்கும். காமிரா வாங்கிய பெரியவர்கள் பலர் அதைத் தொட்டதே இல்லை. அதைச் சுழற்றிச் சாளரத்தில் தெரியும் எழுத்துக்கள் கூர்மையாகும்படி செய்துகொண்டால்தான் மற்றவை பயன்படும். இருகூறுக் கண்ணாடி அணிந்தவர்கள் அதன் மேற்கூறு வழியே பார்க்கிறார்களா, கீழ்க்கூறு வழியே பார்க்கிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். தலையைச் சிறிது நிமிர்த்தினால் கூறு மாறிவிடும்.

இவ்வளவும் கற்றுத் தேர்ந்தேன் என்று நினைத்திருந்தபோது என் வலக்கண்ணில் புரை வளர்ந்தது. விளக்குகளைச் சுற்றி வட்டம் தோன்றும்; வெள்ளை வேட்டி பழுப்பாகத் தெரியும். புரை படர்ந்த வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை வைப்பது இன்று எளிய சிகிச்சை. லண்டன் மருத்துவர் ஹாரல்டு ரிட்லி 1949-இல் முதன்முதலாக அதைச் செய்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமான மூடியின் பிளாஸ்டிக் துணுக்குகள் தீங்கு செய்யாமல் உள்ளேயே கிடந்ததைக் கண்டு பெற்ற யோசனை அது. டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதைச் சார்ந்த ஆரோலேப் தொழிற்கூடம் 1992 முதல் இவ்வில்லைகளை எளியோரும் பெறும் விலையில் செய்து வருகிறது. ஓய்வு பெற்றவன் திண்ணையில் உட்கார வேண்டும் என்று சட்டமில்லை.

சிகிச்சைக்கு முன்னர் மருத்துவர் என்னிடம், “எந்தத் தொலைவு கண்ணாடி இல்லாமல் தெரியவேண்டும், ஐயா? தூரமா, கிட்டமா?” என்று கேட்டார். எனக்கு வைக்கப்போவது ஒரே குவியமுடைய வில்லை. வைத்தபின் அது நகராது, தடிக்கவும் செய்யாது. நாற்பதாண்டுக் காலம் திருகைச் சுழற்றி வந்தவன், இனி ஒரே ஒரு முறை சுழற்றி நிரந்தரமாக நிறுத்தச் சொன்னால் எங்கே நிறுத்துவான்? ஒரு நாள் அவகாசம் கேட்டு வீடு திரும்பினேன். புத்தகமா, மலைக்கோட்டையா என்று இரவெல்லாம் எண்ணினேன். காமிராவின் சாளரத்துக்குச் சக்கரம் உண்டு; புத்தகத்துக்கு மூக்குக்கண்ணாடி உண்டு; தெருவில் எதிரே வருபவர் யார் என்று அறிய வேறு துணையில்லை. தூரத்தையே கேட்டேன். வேறொருவர் நாள் முழுதும் எழுத்து வேலை செய்பவராயின் கிட்டத்தைக் கேட்பதே பொருந்தும்.

கட்டவிழ்த்த மறுநாள் கொள்ளிடக் கரைக்குச் சென்று நின்றேன். வலக்கண்ணால் பார்த்தால் வானம் நீலம். இடக்கண்ணால் பார்த்தால் பழைய செய்தித்தாள். இத்தனை ஆண்டுகள் நான் மஞ்சள் கண்ணாடி வழியே பார்த்துவந்தது எனக்கே தெரியாது. வில்லைகளிலும் இப்படி மஞ்சளிப்பவை உண்டு. தோரியம் கலந்த கண்ணாடியால் செய்த ‘சூப்பர்-தக்குமார்’ என்னும் ஜப்பானிய வில்லைகளுள் சில காலப்போக்கில் தேநீர் நிறம் பெறுகின்றன. சில நாட்கள் வெயிலில் வைத்தால் அவை தெளிந்துவிடும். நம் கண்ணுக்கு அந்த வைத்தியம் ஆகாது. வெயிலே அதற்குப் பகை. திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டில் நிறங்களைக் கண் காணும் வகையையே ஆராய்ந்து, 1968-இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். எண்பதை எட்டிய பருவத்தில் அவர் ஏன் கண்ணைத் தேர்ந்தெடுத்தார் என்று மாணவப் பருவத்தில் வியந்திருக்கிறேன். இப்போது வியப்பதில்லை.

சென்ற தைப்பொங்கலுக்கு என் சித்தி வீட்டுக்குச் சென்றேன். தாயாரின் கடைசித் தங்கை, அதே முகவெட்டு. மாலை வேளை, அதே மங்கிய ஒளி. சித்தியை வாசற்படியில் அமரச் செய்து, ஹீலியோஸை முழுதும் திறந்துவைத்து, கயிற்றின் ஒரு முனையைக் காமிராவில் பிடித்து, முதல் முடிச்சை அவர் கண்ணருகே கொண்டுபோனேன்.

“என்னடா இது, ரவிக்கைக்கு அளவெடுக்கிறாயா?” என்று கேட்டுச் சித்தி சிரித்தார்.

சிரித்ததில் தலை சிறிது பின்னால் சாய்ந்துவிட்டது. மறுபடியும் அளந்தேன், பொத்தானை அழுத்தி இமையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், திருகை அப்பால் ஓட்டி, இப்பால் ஓட்டி, நடுவில் நிறுத்தினேன். படத்தில் தோடு மங்கலாகத்தான் இருக்கிறது. கண்ணில், என் தலைக்குப் பின்னாலிருந்த வாசல் வெளிச்சம் ஒரு சிறு கட்டமாகத் தெரிகிறது.